கொக்கு நடக்கும் புல்வெளி

குனிந்தார். எதையோ எடுத்தார். கையிலிருந்த தகர வாளியில் போட்டார். ‘டிங்’ என்றது. இரண்டடி நடந்தார், நின்றார், மறுபடி குனிந்தார். இந்த முறை சத்தம் வரவில்லை. காய்ந்த குச்சியாக இருக்க வேண்டும். ஏழு பத்துக்கு வாசல் கேட்டுப் பக்கம் ஆரம்பித்த மனிதர், புல்வெளியை நீளவாக்கில் கோடு கோடாக நடந்து முடித்தபோது ஏழு முப்பத்தாறு. அப்பாடா, இனியாவது புல்வெட்டும் எந்திரத்தை எடுப்பார் என்று நான் காபி தம்ளரோடு நாற்காலியில் சாய்ந்தால், அவர் திரும்பி நின்று, நீளவாக்கில் நடந்த அதே புல்லைக் குறுக்குவாக்கில் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் குடியிருப்பில் அவருக்குக் கொக்கு என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. வைத்தவருக்குக் கண் நன்றாகத் தெரியும் என்பது மட்டும் நிச்சயம். உயரம், ஒல்லி, நீளக் கழுத்து. ஒவ்வொரு காலையும் தூக்கி, யோசித்து, அப்புறம்தான் கீழே வைப்பார். போதாததற்கு எப்போதும் வெள்ளைச் சட்டை. இந்தப் பெயர் அவருக்கும் தெரியும். “கொக்குன்னுதான சொல்றாங்க? சொல்லிட்டுப் போகட்டும் சார். மீன் கிடைச்சா சரி” என்பார்.

மீன் என்று அவர் சொல்வது கல், ஆணி, பாட்டில் மூடி, கம்பித் துண்டு. புல்வெட்டும் எந்திரத்தின் வாயில் அகப்பட்டால் தோட்டாவாகப் பறக்கக்கூடிய சகலமும் அதில் அடக்கம்.

நான் யாரென்றும் சொல்லிவிட வேண்டும். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். வேறு யாரும் முன்வராததால் செயலாளர். அதற்கு முன் முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் நேரக் கண்காணிப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை நிமிடம் தாமதம், எது ஆளில்லாமல் காலியாகத் திரும்பியது என்று எழுதி எழுதியே தலை நரைத்தவன். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. “நீங்க டிப்போவ விட்டு வந்து மூணு வருஷம் ஆச்சு, டிப்போ இன்னும் உங்கள விடல” என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வது சரிதான்.

மூன்று பக்கம் கட்டடம், நான்காம் பக்கம் சுற்றுச்சுவர், நடுவில் புல்வெளி. இருபது பஸ்களை நெருக்கி நிறுத்தலாம், அவ்வளவுதான் அளவு. எங்கள் வீடு தரைத்தளம். முன்னால் கண்ணாடிக் கதவு, ஒரு வராந்தா, வராந்தாவை விட்டு இறங்கினால் புல். ஆகவே வாரம் ஒரு நாள் கொக்கின் முழு ஆட்டமும் என் மூக்குக்கு நேரே நடக்கும். நானும் நோட்டுப் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருப்பேன்.

நடை முடிந்ததும் குவளைகள் வரும். புல்லுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர்க் குழாய்த் தலைகள் ஒன்பது, வெட்டிய மரத்தின் அடிக்கட்டை ஒன்று, சாக்கடை மூடியின் கைப்பிடி ஒன்று, ஆகமொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றின் மேலும் பழைய குளியலறைக் குவளை ஒன்றைக் கவிழ்த்து வைப்பார். சிவப்பு, நீலம், கைப்பிடி போன பச்சை என்று எல்லாம் குடியிருப்பில் வேண்டாமென்று தூக்கிப் போட்டவை. “தலையைப் பாத்து ஓட்டணும்னா தலை தெரியணுமில்ல சார்?” குவளையைச் சுற்றி ஒரு முழம் விட்டுத்தான் எந்திரம் போகும். மிச்சத்தைப் பிறகு மண்டியிட்டுக் கத்தரியால் வெட்டுவார். முடித்ததும் குவளைகளை எண்ணுவார். பதினொன்று வந்தால்தான் வாளியை எடுப்பார்.

உடுப்பும் அப்படித்தான். கொளுத்துகிற வெயிலிலும் கணுக்காலுக்கு மேல் ஏறும் தடித்த பூட்ஸ், முழுக்கால் சட்டை, கண்ணுக்கு ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி, காதில் பஞ்சு.

“இந்த வெயிலுக்கு இந்த பூட்ஸா? எதுக்குய்யா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வெயிலுக்கு இல்ல சார், பிளேடுக்கு. பாக்கத்தான் அது பொட்டி மாதிரி இருக்கு. உள்ள சுத்துறது கத்தி. கத்திக்குக் கல்லும் ஒண்ணுதான், புல்லும் ஒண்ணுதான், என் கட்டைவிரலும் ஒண்ணுதான்.”

புல்லைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். ஈரமிருந்தால் அன்று எந்திரம் வெளியே வராது. எந்திரத்தை ஒருபோதும் தன் பக்கம் இழுக்க மாட்டார். தள்ளுவார், நிறுத்துவார், திருப்புவார். புல் வெளியேறும் வாய் அடைத்துக்கொண்டால் எந்திரத்தை நிறுத்திவிட்டு, எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பிளக்கின் மேலிருக்கும் தொப்பியைக் கழற்றி ஓரமாகத் தொங்கவிட்டு, பிறகுதான் நோண்டுவார், அதுவும் குச்சியால்.

“அதான் நின்னுபோச்சே, அப்புறம் எதுக்கு அதக் கழட்டுற?”

“நின்னுபோச்சுன்னு நமக்குத் தெரியும் சார். அதுக்குத் தெரியணுமில்ல?”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஆள் யாராவது புல்லில் கால் வைத்தால் போதும், கைப்பிடியை விட்டுவிடுவார். எந்திரம் தானாக அணைந்துவிடும். வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துகொள்வார். சத்தம் போட மாட்டார், போகச் சொல்ல மாட்டார், பார்த்துக்கொண்டே இருப்பார். வந்தவர்களே கூச்சப்பட்டுப் போய்விடுவார்கள். என் பேத்தி பிறந்து ஏழு மாதம். காலையில் வராந்தாவில் தள்ளுவண்டியில்தான் தூங்குவாள். கொக்கு எந்திரத்தின் கயிற்றை இழுக்கும் முன் எங்கள் கண்ணாடிக் கதவை விரலால் தட்டுவார். “பாப்பாவ உள்ள கொண்டு போயிடுங்கம்மா.” என் மருமகள் தூங்குகிற குழந்தையை வண்டியோடு உள்ளே தள்ளிக்கொண்டு போவாள். தள்ளும்போது பேத்தி முழித்துக்கொள்வாள். அப்புறம் அவளைத் தூங்கவைப்பது யார்? நான். இதுவும் என் எரிச்சலுக்கு ஒரு காரணம்.

ஆனால் உண்மையில் என் வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். அந்த எந்திரம் வெட்டிய புல்லை வலப்பக்க வாயால் துப்பும். கட்டடத்தை ஒட்டிய வரிசைகளில், வாய் கட்டடத்தைப் பார்க்காத மாதிரி ஒரே திசையில்தான் கொக்கு வெட்டுவார். வரிசை முடிந்ததும் எந்திரத்தை அணைப்பார். அணைந்த எந்திரத்தைச் சும்மா தள்ளிக்கொண்டு ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வருவார். மறுபடி கயிற்றை இழுப்பார், வெட்டிக்கொண்டு போவார், அணைப்பார், சும்மா வருவார். முப்பத்தொரு வருடம் டிப்போவில் குப்பை கொட்டியவன் கண்ணெதிரே ஒருவன் காலி வண்டி ஓட்டினால் அவனுக்கு எப்படி இருக்கும்? என்னைக் கேளுங்கள், சொல்கிறேன்.

“யோவ், வரும்போதும் வெட்டிக்கிட்டே வந்தா என்னய்யா? பாதி நேரம் மிச்சமாகுமே!”

“வரும்போது வாய் வீட்டப் பாக்கும் சார்.”

“பாத்தா என்ன, கடிச்சிடுமா?”

“துப்பும் சார்.”

அவ்வளவுதான் பேச்சு. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு போய்விட்டார்.

என் நோட்டுப் புத்தகம் சொல்கிறபடி: முதல் நடை இருபத்தாறு நிமிடம், இரண்டாம் நடை இருபத்துநான்கு, குவளை வைக்க ஏழு. எந்திரம் உண்மையில் ஓடியது வெறும் முப்பத்தெட்டு நிமிடம்! முப்பத்தெட்டு நிமிட வேலைக்கு ஒரு முழுக் காலை. டிப்போவாக இருந்தால் எழுதிக் கொடுத்து விளக்கம் கேட்டிருப்பேன்.

என் மனைவி மட்டும் அவர் கட்சி. போன வருடம் அவளுடைய தோட்டின் திருகு எங்கேயோ விழுந்துவிட்டது. வீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் கேட்டுக்குப் பக்கத்துத் திட்டில் அது உட்கார்ந்திருந்தது. புல்லில் கிடைக்கும் சாமான்களைக் கொக்கு அந்தத் திட்டில்தான் வரிசையாக வைப்பார், உரியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். சாவி, பொம்மைக் காரின் சக்கரம், சீப்பு, ஒரு கரண்டி, சதுரங்கக் குதிரை என்று எல்லாம் அங்கே வந்து சேரும். திருகு கிடைத்த நாளிலிருந்து அவருக்கு எங்கள் வீட்டில் காபி உறுதியாகிவிட்டது. “கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத் தேடுறாரு, அவரப் போய் குறை சொல்றீங்களே” என்பாள்.

இவ்வளவு ஜாக்கிரதைக்கு ஏதாவது காரணம் இருக்க வேண்டும் என்று குடியிருப்பே நம்பியது. காலில் இரண்டு விரல் இல்லை, அதனால்தான் பூட்ஸைக் கழற்றுவதில்லை என்றார் ஒருவர். முன்பு வேலை பார்த்த இடத்தில் கல் பறந்து யாருக்கோ கண் போய்விட்டது என்றார் இன்னொருவர். ஒருநாள் அவர் குழாயடியில் கால் கழுவும்போது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எட்டிப் பார்த்து எண்ணினேன். பத்து விரலும் இருந்தன. நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

“உண்மையச் சொல்லு. என்ன நடந்தது உனக்கு?”

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

“ஒண்ணும் நடக்கல சார். இருபத்திரண்டு வருஷமா மிஷின் தள்றேன். ஒண்ணுமே நடக்கல.”

அழுத்தக்காரன், விஷயத்தை வெளியே விட மாட்டான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

இந்தக் கோடையில் அவர் மூன்றாவதாக ஒரு நடை ஆரம்பித்தார். நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று, அது போதாதென்று மூலைக்கு மூலை ஒன்று. முன்பு இடுப்பு வரை குனிந்தவர் இப்போது முழங்கால் வரை குனிந்தார். நடை மட்டும் எண்பது நிமிடத்தைத் தாண்டியது. அந்தச் சமயம் பார்த்து மூன்றாம் மாடிப் பல் டாக்டர் தன் குளியலறையை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஆட்கள் மூட்டை கட்டி இறக்கும்போது நீல டைல்ஸ் சில்லுகள் புல்லில் சிந்தின. வாளி வாராவாரம் டிங் டிங் என்றது.

பல் டாக்டர்தான் எங்கள் சங்கத் தலைவர். வாரத்தில் ஒரு காலைதான் அவர் நிம்மதியாகத் தூங்குவது. அந்தக் காலை முழுவதும் புல்வெளியில் நடமாட்டமும், அணைந்து அணைந்து கிளம்பும் எந்திரமும். “ஒரு கம்பெனில பேசியிருக்கேன். நாலு பேர் வருவாங்க, அரை மணில முடிச்சிட்டுப் போயிடுவாங்க. நீங்க உங்க டைம் கணக்க மட்டும் ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல படிங்க சார், மீதிய நான் பாத்துக்கறேன்” என்றார். படிக்கிறேன் என்றேன். என் நோட்டுப் புத்தகத்தை ஒருவர் மதித்துக் கேட்டு மூன்று வருடமாகியிருந்தது.

அந்த வாரம் புதன்கிழமை கொக்கு எந்திரக் கொட்டகையின் சாவியோடு வந்து நின்றார்.

“கண்ணு மங்கிட்டே வருது சார். புரையாம். நாளைக்கு ஆபரேஷன். மூணு வாரம் குனியக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க.” சாவியை நீட்டினார். “ரெண்டு நடையில கண்ணுக்குத் தப்பிடுதோன்னு சந்தேகம், அதான் மூணாவது நடை போட்டேன். லேட்டாவுதுன்னு உங்களுக்குக் கோவம்னு தெரியும்.”

நான் சாவியை வாங்கிக்கொண்டேன்.

“புல்லு வளர்ந்தா வளரட்டும் சார், வந்து வெட்டிக்கிறேன். மிஷின யாரும் எடுக்க வேணாம்.” போகத் திரும்பியவர் நின்றார். “வந்தா வேலை இருக்குமா சார்?”

“மொத கண்ணப் பாருய்யா” என்றேன். கேட்டதற்குப் பதில் அதுவல்ல என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தலையை ஆட்டிவிட்டு, காலைத் தூக்கித் தூக்கி வைத்துக் கேட்டைத் தாண்டிப் போனார்.

சனிக்கிழமை காலை எனக்கு அந்தப் புத்தி வந்தது. மறுநாள் கூட்டத்தில் வெறும் நோட்டைப் படிப்பதைவிட, ‘நானே வெட்டிப் பார்த்தேன், முப்பத்தெட்டு நிமிடம்’ என்று சொன்னால் எப்படி இருக்கும்! ரப்பர்ச் செருப்பு, அரைக்கால் சட்டை, கையில் கடிகாரம். கொட்டகையைத் திறந்தேன். எந்திரத்தின் பிளக் தொப்பி வழக்கம்போலக் கழற்றித் தொங்கவிட்டிருந்தது. மாட்டினேன். பதினொரு குவளையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் இருந்தன. பார்த்தேன். ஏழு நிமிடம் எதற்கு வீண் என்று விட்டுவிட்டேன்.

ஏழாவது இழுப்பில் கிளம்பியது. சொல்ல வெட்கம், முதல் இருபது நிமிடம் ராஜா மாதிரி இருந்தது எனக்கு. குழாய்த் தலைகளை ஞாபகத்தில் வைத்து ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினேன். ஒன்றிரண்டு முறை அடியில் ‘டக்’ என்றது, குச்சியாயிருக்கும். சுவர்ப் பக்கம் முடித்து எங்கள் வராந்தாப் பக்கம் வந்தேன். பேத்தியின் வண்டி வெளியேதான் நின்றது. அதன் நீலத் துணிக் கூரை இழுத்து மூடியிருந்தது. பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நாலடி தள்ளித்தானே போகிறோம், எதற்குத் தூங்குகிற குழந்தையை எழுப்ப வேண்டும்? போகும்போது வெட்டினேன். வரிசை முடிந்தது. எந்திரத்தை அணைக்கவில்லை. என் ஆயுளில் நான் காலி வண்டி ஓட்டியதில்லை. திருப்பினேன், வெட்டிக்கொண்டே வந்தேன்.

‘டக்’ என்ற சத்தம் இந்த முறை பெரிதாக வந்தது. கைப்பிடி ஒரு குலுக்குக் குலுக்கியது. நிமிர்ந்தால், கண்ணாடிக் கதவருகில், உடம்பு பாதி நிலைக்குப் பின்னால் மறைய, என் மருமகள் நிற்கிறாள், வாய் திறந்திருக்கிறது, சத்தம் கேட்கவில்லை. எந்திரத்தின் இரைச்சலில் ஒன்றுமே கேட்கவில்லை. அவள் கண் வண்டியைப் பார்த்தது. கூரைத் துணியில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை.

கைப்பிடியை விட்டேன். எந்திரம் அணைந்தது. அந்த அமைதியில் எனக்கு உயிர் போய்விட்டது. அப்போதுதான் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. வண்டிக்குள்ளிருந்து இல்லை. மருமகளின் தோளிலிருந்து! அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பேத்தி என்னைத் திட்டுகிற மாதிரி வீறிட்டு அழுதாள். அந்த மாதிரி ஒரு இனிமையான சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை, இனிமேலும் கேட்கப் போவதில்லை.

“இப்பத்தான் தூக்கினேன் மாமா” என்றாள் மருமகள். “மிஷின் சத்தத்துல முழிச்சுக்கிட்டா. இப்பத்தான் தூக்கினேன். இப்பத்தான் மாமா.” அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்புறம் வராந்தாத் தரையில் அப்படியே உட்கார்ந்து, குழந்தையின் தலையை, கையை, காதைத் தடவித் தடவிப் பார்த்தாள். நானும் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. என் மனைவி உள்ளிருந்து ஓடிவந்து, வண்டியைப் பார்த்து, என்னைப் பார்த்து, ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை.

வண்டியின் மெத்தையில், தலை வைக்கும் இடத்தில், நீல டைல்ஸ் சில்லு ஒன்று கிடந்தது. நெல்லிக்காய் அளவுகூட இல்லை. ஒரு பக்கம் கத்தி மாதிரி கூர். அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கடிகாரத்தில் இருபத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது.

அன்று பகல் முழுவதும் பேத்தியை நான் கீழே விடவில்லை. அவள் என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினாள், மூக்கைக் கடித்தாள், சட்டையில் பால் கக்கினாள். நடக்கட்டும் என்று விட்டேன். ‘இருக்கிறாள், இருக்கிறாள்’ என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் கூட்டத்தில் பல் டாக்டர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். எழுந்தேன்.

“கணக்கு கொண்டு வந்திருக்கேன். ஆனா கணக்குல தப்பு இருக்கு. தப்பு என்னோடது” என்று சொல்லிவிட்டு, சில்லை மேஜை மேல் வைத்தேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ராஜா மாதிரி இருந்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

பல் டாக்டர் சில்லைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது... எங்க பாத்ரூம் டைல்ஸ் மாதிரி இருக்கே?”

“மாதிரி இல்ல, அதேதான்” என்றாள் பின்வரிசையிலிருந்து என் மனைவி. நேற்றிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

நாலு நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. அந்தக் கம்பெனியின் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஒரு பிளாஸ்டிக் பையோடு புல்லில் ஓர் உருவம் குனிந்து குனிந்து நடந்தது. பல் டாக்டர். பல் பார்க்கும் பூதக் கண்ணாடியை நெற்றியில் மாட்டியிருந்தார். நான் வராந்தாவிலிருந்து பார்த்தேன். நோட்டுப் புத்தகத்தை எடுக்கவில்லை.

மூன்று வாரம் புல் தன் இஷ்டத்துக்கு வளர்ந்தது. ஒருவரும் புகார் சொல்லவில்லை.

போன வாரம் கொக்கு வந்தார். கறுப்புக் கண்ணாடி, சட்டைப் பையில் கண்ணுக்கு விடும் சொட்டுமருந்துக் குப்பி. கேட்டுக்கு வெளியேயே நின்றார். நான்தான் கொட்டகைச் சாவியோடு ஓடினேன்.

“உள்ள வாய்யா. கேட்டுலயே நின்னா எப்படி?”

“இல்ல சார்... வேலை...”

“உன் வேலை முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து நிக்குது பாரு.”

பார்த்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். தன் இடத்துக்கு வேறு ஆள் வரவில்லை என்று புரிந்தவுடன் அந்த நீளக் கழுத்து மெல்லத் தளர்ந்ததைக் கண்ணால் கண்டேன். மூன்று வாரமாக அதை அவர் விறைப்பாகவே வைத்திருந்திருப்பார் போல. பெரிதாக ஒரு மூச்சு விட்டார். அடுத்த நிமிடமே புருவம் சுருங்கியது.

“அந்தப் பக்கம் உசரம் கம்மியா இருக்கே சார். பாதையும் கோணல்மாணலா போவுது. யாரு வெட்டினது?”

அடேயப்பா, என்ன கண்! அசடு வழிய நின்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். குவளை வைக்காததை, செருப்புப் போட்டிருந்ததை, திரும்பி வரும்போதும் வெட்டிக்கொண்டே வந்ததை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்ட வேண்டும் என்றுகூட விரும்பினேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பாப்பாவுக்கு?”

“ஒண்ணும் நடக்கல.”

“அது போதும் சார்” என்று சொல்லிச் சாவிக்குக் கை நீட்டினார்.

தகர வாளி வெளியே வந்தது. புல் உயரமாக இருந்ததால் ஒரு கம்பால் விலக்கி விலக்கி, நீளவாக்கில் ஒரு நடை, குறுக்குவாக்கில் ஒரு நடை. பழக்கம் போகுமா, கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணி ஐந்து நிமிடம். மூலையில் நின்று மூன்றாவது நடைக்குத் திரும்புவார் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை. வராந்தாப் பக்கம் வந்தார். “ரெண்டு போதும் சார். இப்ப எறும்பு போறதுகூடத் தெரியுது” என்று சிரித்தார். நான் சட்டைப் பையிலிருந்த சில்லை எடுத்து வாளியில் போட்டேன். ‘டிங்’.

பதினொரு குவளைகளும் கவிழ்ந்தன. உயரமான புல்லுக்காகப் பிளேடின் உயரத்தை மேல் படிக்கு ஏற்றினார். பூட்ஸின் கயிற்றை இறுக்கினார். காதில் பஞ்சு வைக்கும் முன் எங்கள் வராந்தாவைப் பார்த்தார். கூரைத் துணியில் ஒட்டுப் போட்ட தள்ளுவண்டி அங்கேதான் நின்றது.

“பாப்பா உள்ள இருக்காய்யா. வண்டி காலி. நீ ஆரம்பி” என்றேன்.

சரி என்று தலையாட்டினார். ஆனாலும் எந்திரத்தை விட்டுவிட்டு, கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து வராந்தா ஏறி வந்தார். வண்டியின் துணிக் கூரையைப் பின்னால் தள்ளினார். உள்ளே குனிந்து, மெத்தை முழுவதையும் தலைமாட்டிலிருந்து கால்மாட்டு வரை உள்ளங்கையால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். பிறகு போய்க் கயிற்றை இழுத்தார்.